காந்தம் ஒட்டிய கைப்பிடிகள்

அத்தியாயம் 6

*நவம்பர் 12, புதன்கிழமை. காலை பதினொரு மணி.*

*இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன். மங்கம்மா அக்கா மறுபடி மறுபடி கேட்டார், "எவன்னு மட்டும் சொல்லு பாப்பா" என்று. கொடுங்கையூர் பழைய இரும்புக் கடை வேலப்பன் என்று வாயில் வந்துவிட்டது. சந்தேகம்தான் என்பதையும் கூடவே சொன்னேன். ஆனால் அந்தச் சொல் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சரிபார்த்த பிறகல்லவா சொல்லியிருக்க வேண்டும்?*

எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது. இரண்டு தடவை அடித்தால் டீ, விடாமல் அடித்தால் வில்லங்கம் என்பது டில்லிபாபுவின் வழக்கம். இந்தத் தடவை விடாமல் அடித்தது.

ராயபுரத்தில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருந்தது ரூத்தின் துப்பறியும் அலுவலகம். பகலில் வழக்குகள், மாலையில் சட்ட வகுப்பு. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். மூன்றாம் முறை பார்க்காமல் விட்டோமே என்று புரண்டு புரண்டு படுப்பாள். டில்லிபாபு அவளுக்கு உதவியாளர், ஓட்டுநர். அவளுக்கு இல்லாத வாயும் அவரிடம்தான் இருந்தது.

"வக்கீலம்மா, மங்கம்மாக்கா இங்கருந்து எறங்கி இன்னா பண்ணுச்சு தெரியுமா?"

"மார்க்கெட்டுக்குப் போயிருப்பாங்க."

"தம்பி மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டுச்சு. 'நாலு ஆளக் கூட்டிகினு கொடுங்கையூர் வா. மீன் வெட்ற கத்தியும் எடுத்துகினு வா'ன்னுச்சு. நான் பக்கத்துலதான் நின்னுகினு பன்னு துன்னுகினு இருந்தேன். கொடுங்கையூர்ல ஏதுக்கா மீனுன்னு கேக்கலாம்னு பாத்தேன். அது மூஞ்சியப் பாத்து பன்ன முழுங்கிட்டேன்."

ரூத் ஷாலை எடுத்து மாட்டிக்கொண்டு படிகளில் ஓடினாள். "அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நாம போகணும் அண்ணா."

"போலாம். மண்ணாங்கட்டி லோடு ஆட்டோ தானா ஸ்டார்ட் ஆவாது. நாலு பேரு தள்ளணும். அதுக்குத்தான் ஆளக் கூப்டுச்சோ இன்னாவோ."

ஆட்டோ கிளம்பியது. ரூத் வழக்கை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

மங்கம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். ஒரே மகன் செல்வம். ஃபைபர் படகில் போய்த் தூண்டில் போடுகிறவன். ஆகஸ்டில் படகைக் கரையேற்றும்போது அதன் முன்பக்க அணியம் வயிற்றில் இடித்து மண்ணீரல் கிழிந்தது. பக்கத்து நர்சிங் ஹோமில் அறுவை சிகிச்சை. ரத்தக்குழாயைக் கட்டுவதற்கு முன்னால் டாக்டர் அதை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் கவ்விப் பூட்டினார். கத்தரிக்கோல் போலப் பிடி வளையங்கள், நுனியில் வெட்டுவதற்குப் பதில் கவ்வும் வாய், பிடிகளுக்கு நடுவே பல் பல்லாக ஒரு பூட்டு. அந்தப் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. செல்வம் கண் விழிக்கவில்லை.

அறுவை அரங்கில் இருந்த நர்ஸ் ஹஃப்சா அந்த ஃபோர்செப்ஸைக் கழுவிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதில் பொறித்திருந்த எண்ணைத் தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பூட்டு நிற்கவில்லை என்று தயாரித்த கம்பெனியே மார்ச் மாதம் திரும்பக் கேட்ட சரக்கு அது. ஆஸ்பத்திரிகளிலிருந்து அத்தனையையும் வாங்கி அழிக்கும் பொறுப்பு திருவொற்றியூர் விநியோகஸ்தர் லோகநாதனுடையது. அழித்துவிட்டதாகச் சான்றிதழ் வைத்திருந்தார். துண்டு துண்டாய்க் கிடக்கும் ஃபோர்செப்ஸ் குவியலின் போட்டோவும், வேலப்பன் கடை முத்திரையோடு எடைச் சீட்டும் அதனுடன் இருந்தன. எடை சரியாக இருந்தது. அதாவது முழுச் சரக்கும் அந்தக் கடைக்குப் போயிருந்தது.

அப்படியானால் வேலப்பன் போட்டோவுக்காகக் கொஞ்சத்தை வெட்டிவிட்டு, மீதியைப் பின்வாசல் வழியாக விற்றிருக்க வேண்டும். கணக்குப் போல நேராக வந்த முடிவு. அந்த முடிவுக்கு வரும்வரை வேலப்பன் கடை வாசலை அவள் மிதிக்கவே இல்லை என்பதுதான் உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்தியது. வேலப்பன்தான் குற்றவாளி என்று ஆகிவிட்டால், மங்கம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தத் தனக்கு மனம் வருமா? இறந்தவனின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ரூத்துக்கும் உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதை மட்டும் அவள் எழுதி வைக்கவில்லை.

கொடுங்கையூரில் குப்பைமேட்டுப் புகை சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. தகரக் கொட்டகைக்கு வெளியே, கழுத்தில் கயிறு கட்டிக் காந்தம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்த பெரிய உடம்புக்காரர் நின்றிருந்தார். ஆட்டோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காந்தத்தைக் கையில் எடுத்தார்.

"என் வண்டில வெச்சிப் பாக்காத நைனா, ஒட்டாது" என்றார் டில்லிபாபு. "மொத்தமும் பட்டி பூசி ஒப்பேத்துனது."

"எடைக்கு வந்துதா?"

"ஆள உயிரோட காப்பாத்த வந்துது. வேலப்பன் நீதான?"

ரூத் குறுக்கிட்டாள். "ஜூன் மாசம் லோகநாதன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரி ஃபோர்செப்ஸ் மூட்டை கொண்டுவந்தாரா?"

"கத்திரிக்கோலு மாதிரி, மூக்கு மொண்ணையா?" வேலப்பன் முகம் சுளித்தார். "அந்தப் பேஜாரு இன்னும் இங்கதான் கீது."

ரூத் நின்றுவிட்டாள். "இங்கேயா? விக்கலையா?"

"எங்க விக்கறது? பளபளன்னு கீதே, எவர்சில்வருன்னு எடுத்தேன். அந்தாளு நின்னு போட்டோ புட்ச்சிகினான், அறுக்கச் சொன்னான், மிஷின்ல குடுத்து ரெண்டு ரெண்டா அறுத்துட்டேன். எவர்சில்வர் எடுக்கறவன் வந்து காந்தத்த வெச்சான். கப்புன்னு புட்ச்சிகிச்சு. நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதும்மா. இரும்பு வெலைக்கிக் கேட்டான். போடான்னுட்டு மூலைல தள்ளிட்டேன்."

கொட்டகையின் மூலையில் ஒரு டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலிருந்து அடி வரை கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். முழுசாக ஒன்றுகூட இல்லை. எல்லாமே பாதியாக அறுபட்ட கைப்பிடிகளும் மூக்குகளும்தான்.

ரூத்தின் கணக்கு அந்த டிரம்முக்குள்ளேயே விழுந்து உடைந்தது. வேலப்பன் ஒன்றையும் விற்கவில்லை. கொண்டுவந்ததை எல்லாம் அறுத்திருக்கிறார். அப்படியானால் செல்வத்தின் வயிற்றுக்குள் இருந்தது எங்கிருந்து வந்தது? கத்தியோடு வந்துகொண்டிருக்கும் தாய்க்கு என்ன சொல்வது?

டில்லிபாபு ஒரு மூக்குத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூட்டில் நகத்தை விட்டுச் சுரண்டினார். கண்ணாடித் துண்டு போல மெல்லியதாக ஏதோ ஒன்று அவர் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வக்கீலம்மா, அந்த ஆஸ்பத்திரில யாருக்கு ஆபரேஷன் பண்ணானுங்க? சங்கராவுக்கா?"

"என்னண்ணா அது?"

"மீன் செதிலு."

ரூத் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு டிரம்மை மறுபடி பார்த்தாள், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. திரும்பப் பெற்ற சரக்கில் பாதி உறை பிரிக்காதது என்று சான்றிதழ் சொன்னது. இங்கே கிடந்தவற்றில் துரு குழி குழியாக அரித்திருந்தது. வெளியே தெரிந்தவற்றை மட்டும் யாரோ தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். பல வளையங்களின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உருகிக் காய்ந்த சின்னச் சின்ன முடிச்சுகள். பச்சையிலும் நீலத்திலும் சிவப்பிலும்.

"இது கொறடு" என்றார் டில்லிபாபு. குரலில் கிண்டல் போயிருந்தது. "தூண்டில் போட்றவங்க மீன் வாய்லருந்து முள்ள எடுக்க இதத்தான் வெச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரில தேஞ்சி கழிச்சது பிளாட்பாரத்துல கெடைக்கும். கடல்ல வுழுந்துட்டா போச்சே, அதுக்கோசரம் வளையத்துல நைலான் கயிறு கட்டிப் படகுல மாட்டிக்குவாங்க. கயிறு பிரியாம இருக்க முனைய பீடி நெருப்புல சுட்டு வெப்பாங்க. அது உருகி இரும்போட புட்ச்சிக்கும். இத வாங்கியாந்தவன் கயித்த அறுத்துகிறான். இந்தக் கொழுக்கட்டையச் சொரண்டத் தெரியல."

ரூத்துக்கு முழுவதும் விளங்கியது. லோகநாதன் கெட்ட சரக்கை அழிக்கவே இல்லை. அதைப் புதுசு என்று சின்ன நர்சிங் ஹோம்களுக்குத் தள்ளிவிட்டு, எடைக்கு எடை காட்டக் காசிமேட்டிலிருந்து மீன் குறடுகளை வாரிக்கொண்டு வந்திருக்கிறார். அறுத்தது நிஜம், எடை நிஜம், போட்டோவும் நிஜம். அழிந்தது மட்டும் வேறு பொருள்.

"இத்தனையை யார் சேர்த்துக் கொடுத்திருப்பாங்க?" என்றாள்.

பதில் வருவதற்குள் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

பின்பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் குதித்தார்கள். துடுப்பு ஒன்று, இரும்புக் குழாய் இரண்டு. முன்னால் மண்ணாங்கட்டி. மங்கம்மா கடைசியாக, அவசரமே இல்லாமல் இறங்கினார். கையில் சாக்குத்துணி சுற்றிய கத்தி. சந்தையில் விலை கேட்கும் குரலில் கேட்டார்.

"வேலப்பன் எவன்?"

வேலப்பன் ஓடவில்லை. "நான்தாம்மா. இன்னா வேணும்?"

"என் புள்ள வேணும்."

மண்ணாங்கட்டி துடுப்பை ஓங்கினான். டில்லிபாபு நடுவில் போய் நின்றார். "மாமு, அடிச்சா என்ன அடி. ஆனா வலது கைய வுட்டுடு, ஆக்ஸிலேட்டர் முறுக்கணும்."

"தள்ளு டில்லி."

"இவரு இல்லக்கா" என்றாள் ரூத்.

மங்கம்மா திரும்பினார். "நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"கத்திய எடுத்துகினு வந்தப்புறம் சொல்ற. நான் இத எங்க வெக்கறது?"

சட்ட வகுப்பில் கேட்ட எதுவும் நாவுக்கு வரவில்லை. டிரம்மிலிருந்து இரண்டு கையாலும் கைப்பிடிகளை அள்ளி மங்கம்மாவின் முந்தானையில் போட்டாள். "இது என்னன்னு மட்டும் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

மங்கம்மா பார்த்தார். "எங்க கொறடு. இது இன்னாத்துக்கு இங்க?" ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். "இது ஸ்டானிஸ்லாஸ் படகு, பச்சக் கயிறு. இது எங்க பக்கத்து வூட்டுது." மஞ்சளும் சிவப்பும் முறுக்கி உருகிக் கெட்டிப்பட்ட ஒரு வளையத்தின் மேல் விரல் நின்றது.

அந்த வளையத்தை எடுத்து முடிச்சைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"ரெண்டு கயிறு சேத்து முறுக்கிக் கட்றது என் புள்ள மட்டுந்தான்" என்றார். "ஒத்தக் கயிறு கைய வுட்ரும்மான்னுவான்."

"அக்கா, இது எப்படி இங்க வந்தது? யார் வாங்கிட்டுப் போனது?"

"நான்தான் குடுத்தேன்."

மண்ணாங்கட்டியின் துடுப்பு தானாகக் கீழே இறங்கியது.

"மீன்புடி தடைக்காலத்துல போட்டெல்லாம் கரைல கெடந்துச்சு. ஒர்த்தன் மினி வேன்ல எவர்சில்வர் அன்னக்கூடை ஏத்திகினு வந்தான். பழைய கொறடு சேத்துக் குடுத்தா புது அன்னக்கூடைன்னான். மத்த பாத்திரக்காரனுங்க எந்த இரும்பு குடுத்தாலும் எடுப்பானுங்க, இவன் கொறடு மட்டுந்தான் கேட்டான். கிறுக்குப் புட்ச்சவன்னு நான்கூட சிரிச்சேன். தெருத் தெருவாப் போயி கேட்டு வாங்கி, மூட்ட கட்டிக் குடுத்தேன். செல்வம் தூங்கிகினு இருந்தான். அவன் கொறட ஆணிலருந்து நானே கழட்டிப் போட்டேன். எழுந்து சண்ட போட்டான். கடைல வேற வாங்கிக்கடா, ஆத்தாளுக்கு அன்னக்கூடை வேணாமான்னேன்."

ரூத் கைப்பேசியை எடுத்தாள். லோகநாதனின் கம்பெனி இணையப் பக்கத்தில் கோட்டு, டை எல்லாம் போட்டுச் சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. அதை மங்கம்மாவிடம் நீட்டினாள்.

மங்கம்மா கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அன்னிக்கி லுங்கி கட்டிகினு வந்தான். வெயிலு தாங்கலன்னான். என் வூட்டு வாசல்ல குந்திகினு என் கையால மோரு வாங்கிக் குட்ச்சான்." படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்த அன்னக்கூடைலதான் இன்னிக்கும் மீனு விக்கறேன்."

பழைய இரும்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்தார். அழவில்லை. கத்தியைச் சுற்றிய சாக்கின் முனையைப் பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"யக்கா" என்றான் மண்ணாங்கட்டி. "வண்டியத் திருப்பட்டா? திருவொத்தியூரு இன்னா தூரமா?"

சரி என்று சொல்லிவிடு என்றது ரூத்தின் மனம். ஒரு கணம் மனதுக்குள் அவளும் அந்த வண்டியில் ஏறியிருந்தாள், அந்தக் கோட்டுக்காரரின் கண்ணாடிக் கதவு உடையும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு கஷ்டப்பட்டுக் கீழே இறங்கினாள்.

"இன்னும் எத்தனை ஆஸ்பத்திரியில அந்தப் பூட்டு நிக்காத சாமான் இருக்குன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். அவரை வெட்டிட்டா..."

"ஊரப் பத்தி எனக்கு இன்னாத்துக்குச் சொல்ற?" மங்கம்மா நிமிர்ந்தார். "என் புள்ளைக்கு ஊரா வந்து நின்னுச்சு?"

ரூத்துக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பது. அதையே செய்தாள்.

"கோர்ட்ல, நான் காசிமேட்டுப் பக்கமே வந்ததில்லன்னு சொல்வார். உங்க எல்லாரையும் பொய் சொல்றாங்கன்னு சொல்வார். அந்த அன்னக்கூடை அவர் கொடுத்ததுன்னு எப்படிக் காட்டுவீங்க?"

"ஏன், பேரு கீதே அதுல."

"எந்தப் பேரு?"

"என் பேருதான். பேரு வெட்டாத அன்னக்கூடைய எவ வாங்குவா? மார்க்கெட்ல வெச்சிட்டுத் திரும்பினா காணாப் பூடும். மொத நாளு வெட்டாமத்தான் கொண்டாந்தான். அத்தினி பேரும் சேந்து தொரத்தி வுட்டோம். மறுநாளு வெட்டி எடுத்துகினு வந்தான்."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். "மாட்னான் மாமு. நெசமான பாத்திரக்காரன்னா பேரு வெட்ற மிஷின வண்டிலயே வெச்சிருப்பான். வாங்கறவங்க எதிர்லயே கொட்டிக் குடுப்பான். இது வேஷங்கட்னது. அது தெரியாம வந்துகிறான். வேற எவன்கிட்டயோ குடுத்துதான் வெட்டியாந்துகிறான்."

"அப்படின்னா எங்கேயோ ஒரு கடையில" என்றாள் ரூத் மெதுவாக, தன் வார்த்தையைத் தானே சரிபார்த்தபடி, "லோகநாதன் பக்கத்துல நின்னு ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல, ஒருத்தர் அன்னக்கூடையில வெட்டியிருக்கார். மங்கம்மான்னும் சொல்லியிருக்கார். அந்தக் கடைக்காரருக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல."

மங்கம்மாவின் முகத்தில் ஏதோ மாறியது. துக்கம் அப்படியே இருக்க, அதன் மேல் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"என் பேரச் சொல்லி வெட்டியாந்து என் கைலயே குடுத்துகிறான்" என்றார். "ஜெயில்ல எத்தினி வருசம் போடுவாங்க?"

பொய் சொல்ல ரூத்துக்கு வரவில்லை. "தெரியலக்கா. ரொம்பக் கம்மியாவும் இருக்கலாம்."

"இருக்கட்டும். வெட்டினா ஒரு நிமிசம். இப்டின்னா தெனம் தெனம் என் மூஞ்சியப் பாக்கணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்னக்கூடைய தூக்கிகினு போயி அவன் எதிர்லயே குந்துவேன். என் பேர ஜட்ஜி கூப்புட்றத அவன் கேக்கணும்." கத்தியைத் தம்பியிடம் நீட்டினார். "வெளிய வந்தான்னா அப்பவும் காசிமேடு அங்கதான் இருக்கும்."

மண்ணாங்கட்டி கத்தியை வாங்கி லோடு ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

வேலப்பன் டிரம்மின் மேல் ஒரு தகரத்தை எடுத்துப் போட்டு மூடினார். "என் கடை முத்திரைய வெச்சி என்னியே கொலகாரனாக்கிகிறான். இத எவனும் தொடமாட்டான். போலீஸ் வர்ற வரிக்கும் நான் இங்கயே படுத்துகினு கெடக்கறேன். எங்க வந்து சொல்லணுமோ சொல்லு பாப்பா, வரேன்."

மங்கம்மா மகனின் கைப்பிடியை மட்டும் முந்தானையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ரூத் கையை நீட்டினாள். "அக்கா, அது சாட்சி. டிரம்லயே இருக்கணும்."

நீட்டிய கையை மங்கம்மா பார்த்தார். பிறகு தகரத்தை விலக்கி, அதை மேலாக வைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். "மண்ணாங்கட்டி, காசிமேட்டுக்கு வுடு. அன்னக்கூடை வாங்கினவளுங்க அத்தினி பேரையும் கூட்டணும்."

வண்டி கிளம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். வேலப்பனும் தள்ளினார்.

*மாலை வகுப்புக்குப் போகவில்லை. லோகநாதன் அறுக்கக் கொடுத்த சரக்கு வேலப்பன் கடையில் பத்திரமாக இருக்கிறது. ஹஃப்சாவிடமிருந்த ஃபோர்செப்ஸ் என் அலமாரியில் இருக்கிறது.*

*நாளை, வியாழன்: காலை எட்டு மணிக்குக் காசிமேடு சென்று மங்கம்மா அக்காவையும் அன்னக்கூடையையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ராயபுரத்தில் தொடங்கி வண்ணாரப்பேட்டை வரை ஒவ்வொரு பாத்திரக் கடையிலும் அன்னக்கூடையைக் காட்டிப் பெயர் வெட்டியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். லோகநாதனின் படத்தைக் காட்டி அடையாளம் கேட்க வேண்டும். அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையம்.*